ராமலிங்கம் அண்ணன் திருப்பித் தராத லைன் கிளியர்

பாப்பா, தம்பி,

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. பாப்பா, நீ போனைப் பார்த்துக்கொண்டே, "மனச்சோர்வு வர்றதுக்கு நாம யோசிக்கிற விதமும் ஒரு காரணமாம்" என்றாய். தம்பி, உனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்ப வந்தவன் மேலதான் தப்புங்கிறியா? கால் ஒடைஞ்சு கெடக்கிறவன்கிட்ட போயி, நீ நடந்த விதம் சரியில்லடான்னு சொல்லுவியா?" என்றாய். உன் அறை நண்பன் ஒருவன் அந்த நோயால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனது எனக்குத் தெரியும். அதனால் உன் கோபம் எனக்குப் புரிந்தது. உங்கள் அம்மா, "முதல்ல சாப்பிடுங்க, அப்பறம் அடிச்சுக்கலாம்" என்று இலையைப் போட்டுவிட்டாள். "அப்பா, நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பேருமே கேட்டீர்கள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பதில் தெரியாமல் எழுந்து போகவில்லை. அதை இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியாது என்றுதான் போனேன். உங்கள் அப்பன் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். ஆனால் அந்த நோயை ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த கோடை வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு உயிர் கொடுத்த மனிதருக்கே அது வந்தது.

யாரென்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஆண்டிமடத்திலிருந்து வருஷா வருஷம் முந்திரிப்பருப்பு கொண்டுவந்து கொடுத்து, உங்கள் காதைத் திருகிவிட்டுப் போவாரே, ராமலிங்கம் பெரியப்பா, அவர்தான். பயப்பட வேண்டாம், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நன்றாக இருக்கிறார். போன வாரம்கூடப் போனில் என்னைத் திட்டினார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரப் போட்டே எழுதுடா. மறைச்சு எழுதுனீனா நான் என்னமோ கொலை பண்ண மாதிரி இருக்கும்" என்றார். அதனால் பேர் போட்டே எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது, அப்பா போஸ்ட் ஏறுவார், மழை பெய்தால் வீட்டில் இருக்க மாட்டார் என்பதுதான். ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் தூக்கினேன், குழி தோண்டினேன், பிறகு ஹெல்பர் ஆனேன், வயர்மேன் ஆனேன், கடைசியில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். நடுவில் இருந்த வருஷங்களில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அணில் கடித்தது, காற்றில் கம்பி அறுந்தது, பியூஸ் போனது, போட்டோம். வேலை என்று ஒன்றை நான் கற்றுக்கொண்டது ராமலிங்கம் அண்ணன் எங்கள் பிரிவுக்குப் போர்மேனாக வந்த பிறகுதான்.

அவர் ஆள் ஒல்லி. சட்டைக் கை முழுதாக இருக்கும், பொத்தான் போட்டிருக்கும், வெயிலானாலும் மடிக்க மாட்டார். கத்த மாட்டார். நாம் ஏதாவது தப்பாகச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று, "உம் பொண்டாட்டி பேரு என்னா?" என்று கேட்பார். பேரைச் சொன்னால், "அது எங்கிட்ட வந்து அழுவும். அந்த அழுகைய என்னால கேக்க முடியாது. பெல்ட்ட மாட்டு" என்பார். பன்னீர்செல்வம் என்று எங்களோடு ஒருவன் இருந்தான், அப்போது கல்யாணம் ஆகாதவன். அவனிடம் மட்டும், "உனக்கு அழுவுறதுக்குக் கூட ஆளு இல்ல, நீ ரெண்டு பெல்ட்டு மாட்டு" என்பார். பன்னீர், "பொண்ணு பாத்து வைங்கண்ணே, ஒண்ணு போதும்" என்பான்.

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. ஆபீசர் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் நம்பாதே. இருக்கிறது என்றே நினை. சோதித்துப் பார். சோதித்த பிறகு எர்த் போடு. கொக்கிக் கம்பியை லைனில் மாட்டி மறுமுனையைப் பூமியில் இறக்குவதுதான் எர்த் போடுவது. வழி தவறி கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும், மனிதன் மேல் போகாது. இந்தப் பாடத்துக்கு இரண்டாவது பாதி ஒன்றும் உண்டு. "எர்த்து போட்டாச்சா? அப்பறம் பயப்படாத. அதுக்கப்பறமும் பயந்துகிட்டே தொட்டீனா கை நடுங்கும். நடுங்குற கைதான் ஆளக் கீழ தள்ளும்" என்பார்.

இன்னொரு முறையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது. பெரிய லைனில் வேலை செய்ய வேண்டுமானால் சப்ஸ்டேஷனுக்குச் சொல்லிக் கரண்ட்டை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தி, இன்னாருடைய பொறுப்பில் வேலை நடக்கிறது என்று கொடுக்கும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பேர். யார் பேரில் எடுத்தோமோ அவர்தான் திருப்பித் தர வேண்டும். வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கி, எர்த்தைக் கழற்றிய பிறகு அவரே போனில் கூப்பிட்டு, "லைன் கிளியர் ரிட்டர்ன்" என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அங்கே இருப்பவர் சுவிட்சைப் போட மாட்டார். கலெக்டரே கூப்பிட்டாலும் போட மாட்டார். அந்த ஒரு ஆள் வாய் திறக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்து ஊரெல்லாம் இருட்டுதான். எவ்வளவு நல்ல முறை பாருங்கள். இதனால்தான் எத்தனையோ பேர் உயிரோடு வீடு போய்ச் சேருகிறோம்.

ஒரு வருஷம் ஐப்பசியில் பெருங்காற்று அடித்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் தெருக் கம்பி அறுந்து கிடந்தது. டிரான்ஸ்பார்மரில் பியூசைப் பிடுங்கிவிட்டு நான் ஏறினேன். சோதித்தேன், கரண்ட் இல்லை. எர்த் கொக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழேயிருந்து பன்னீர் அனுப்புகிறான், நான் அதை வாங்கக் குனிகிறேன். ஒரு கையைக் கம்பியில் ஊன்றிக்கொள்ளப் போன நேரம், கீழேயிருந்து ராமலிங்கம் அண்ணன் கத்தினார். கத்தாத மனிதர் கத்தினார்.

"மாரி! தொடாத! கைய எடு!"

மண்டபத்துக்குள்ளே யாரோ ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுபடி டெஸ்டரை வைத்தேன், விளக்கு எரிந்தது. மண்டபத்து ஜெனரேட்டர் கரண்ட் உள் வயரிங் வழியாகத் திரும்பி வெளிக் கம்பிக்கு வந்துவிட்டது. சோதித்தபோது செத்துக் கிடந்த கம்பி, நான் குனிந்து நிமிர்வதற்குள் உயிரோடு இருந்தது.

இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் அவரைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ. சார் மறுநாள் ஆபீசில் எல்லாரையும் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார். பன்னீர், "அண்ணன் காதுக்கு மோதிரம் போடணும்டா" என்றான். உங்கள் அம்மா அவர் வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுந்துவிட்டு வந்தாள். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள்.

எங்களுக்கெல்லாம் அது பிழைத்த கதை. அவருக்கு மட்டும் அது செத்த கதையாக மாறத் தொடங்கியது. கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"ஏண்டா மாரி, அந்த நேரம் லாரி ஒண்ணு ஆரன் அடிச்சுகிட்டுப் போயிருந்தா எனக்குச் சத்தம் கேட்டிருக்குமா?"

"அதான் போவலையேண்ணே."

"போயிருந்தா?"

"போவலைண்ணே."

"நீ செத்திருப்படா" என்றார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

நான் அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அந்த மாதிரி யோசனை அவருக்குப் புதிதல்ல. மகள் காலேஜ் பஸ் கொஞ்சம் தாமதமானால் ஆஸ்பத்திரிக்குப் போன் போடலாமா என்பார். ஏ.இ. கூப்பிட்டால் மெமோதான் என்பார். பாராட்டினால்கூட, "பெரிசா ஒண்ணு வரப்போவுதுடா, அதுக்கு முன்னால தடவிக் கொடுக்கிறாங்க" என்பார். நாங்கள் கிண்டல் செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார். வேலையில் எங்களைக் காப்பாற்றியதும் அந்த யோசனைதானே. அதனால் அதை ஒரு குறை என்று யாரும் நினைக்கவில்லை.

மார்கழி வாக்கில் அவர் சோதித்ததையே சோதிக்க ஆரம்பித்தார். எர்த் போட்டுவிட்டு வந்து, இன்னொரு முறை போய்ப் பார்க்கச் சொல்வார். பார்த்துவிட்டு வந்தால் அவரே போவார். "டெஸ்ட் பண்ணிதானே அன்னைக்கும் ஏறுன? அப்பறமும் வந்துச்சுல்ல?" என்பார். அவர் சொன்னது உண்மைதானே. சட்டைப் பொத்தான்கள் திறந்து கிடக்க ஆரம்பித்தன. முகம் மழிப்பதில்லை. சோற்றுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்குப் போகும். ராத்திரி தூங்குவதே இல்லை என்று சரோஜா அண்ணி, அவர் சம்சாரம், உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு அந்த நாள் வந்தது. திருமானூர்ப் பக்கம் பெரிய லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்றை மாற்றும் வேலை. லைன் கிளியர் அவர் பேரில்தான். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் இறங்கி, எர்த்தைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி அவர் முன்னால் நின்றோம். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் இறங்கியாச்சாடா?"

"இறங்கியாச்சுண்ணே. முன்னாலதானே நிக்கிறோம்."

"பன்னீர் எங்க?"

"அண்ணே, நான்தாண்ணே இது. மீசை எடுத்துட்டேன்னு அடையாளம் தெரியலையா?" என்றான் பன்னீர். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை லைனப் பாத்துட்டு வாங்க."

பார்த்துவிட்டு வந்தோம். மறுபடி போகச் சொன்னார். மறுபடியும் போனோம். நடவு வயல்காரர்கள் கூடிவிட்டார்கள். மோட்டார் ஓடாமல் வாய்க்கால் காய்கிறது. ஒருவர், "ஏம்ப்பா, சோத்துக்கு ஒலை வச்ச மாதிரி எங்க வயலு கொதிக்குது, நீங்க என்ன போஸ்ட்டுக்குக் காப்பு கட்டுறீங்களா?" என்று சத்தம் போட்டார். சப்ஸ்டேஷனிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். அவர் எடுக்கவில்லை. நான் அவர் போனை வாங்கிப் பேசினேன். "உங்க பேர்ல இல்லைங்க. அவரைத்தான் பேசச் சொல்லணும்" என்றார்கள். சரியான பதில்தான்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "யாரோ ஒருத்தன் மேல இருக்காண்டா. எனக்குத் தெரியும். நான் வாயத் தொறந்தா அவன் செத்துடுவான்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணால் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கடைசியில் ஏ.இ. சார் ஜீப்பில் வந்து, லைன் முழுக்கத் தானே நடந்து பார்த்து, முறைப்படி பொறுப்பைத் தன் பேருக்கு மாற்றி எழுதிக் கரண்ட் கொடுக்க வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரை வேலைக்குக் கூட்டிட்டு வராதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேலைய நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த நல்ல மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தை முழுக்க வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சொந்தக்காரர்கள் வந்து, "ஏன் கண்டதையும் யோசிக்கிற, விடு" என்றார்கள். அவர்கள் போன பிறகு அவர் இன்னும் சுருண்டார். "விட முடியலைன்னா அதுவும் என் தப்புதானே மாரி" என்றார். தம்பி, உன் கோபத்தில் இருந்த நியாயம் இதுதான். ஒரு நாள் நான் போயிருந்தபோது அண்ணி என்னை வாசல் வரைக்கும் வந்து விட்டுவிட்டு, "தம்பி, இனிமே நான் இருக்கிறதே எல்லாருக்கும் ஆபத்துங்கிறாரு. எனக்கு அவரத் தனியா வூட்டுல வுட்டுட்டு ரேசன் கடைக்குப் போவக்கூட பயமா இருக்கு" என்றார். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அதற்கு மேல் அண்ணன் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

திரும்ப உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே, எம் பொண்டாட்டி பேரு என்னா?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். "அது உங்க கால்ல வுழுந்துட்டுப் போச்சுல்ல? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது எங்கிட்ட வந்து அழுவும். என்னால கேக்க முடியாது. சட்டையப் போடுங்க" என்றேன். எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எந்தச் சட்டைடா?" என்றார். அண்ணி உள்ளே ஓடிப்போய் சட்டை எடுத்து வந்தார். வழி முழுக்க அண்ணி பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு, பாப்பா இப்போது இருக்கிற வயசுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். தூக்கத்தைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார். சாவதைப் பற்றி யோசனை வருகிறதா என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனோ, "வருதுங்க" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டார். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணனுடைய அம்மா, அவர் சின்னப் பையனாக இருந்தபோது நெடுநாள் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. பேய் என்று சொல்லிக் கோவில் கோவிலாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு ஆளாவது எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்றார். வாரா வாரம் வரச் சொன்னார். நாலைந்து வாரம் கழித்து, அண்ணன் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்து, ராத்திரி கண் மூட ஆரம்பித்த பிறகுதான், யோசனையைப் பற்றிப் பேச்சையே டாக்டரம்மா எடுத்தார். அன்றைக்கு அண்ணன் கேட்டதுதான் நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி.

"நான் இப்படி யோசிச்சதால வியாதி வந்துச்சா, இல்ல வியாதி வந்ததால இப்படி யோசிக்கிறனா? உள்ளதச் சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "ரெண்டுமே நடக்கும்ங்க. வயல்ல தண்ணி ஒரு பக்கமாவே ஓடி ஓடி வாய்க்கா ஆயிடுது. அப்பறம் எந்த மழை பேஞ்சாலும் அதுலதான் ஓடும், ஓட ஓட இன்னும் ஆழமாவும். கெட்டதையே மொதல்ல எதிர்பாக்குற பழக்கம் உங்களுக்கு முன்னாலயே இருந்திருக்கு. அதுவும் ஒரு காரணம்தான். ஆனா அது மட்டும் இல்ல. உங்கம்மாவுக்கு இருந்திருக்கு. வருஷக்கணக்கா தூக்கம் கெட்ட வேலை. அந்த மண்டபத்துல நடந்தது. எல்லாம் சேந்துதான். உங்கள மாதிரியே யோசிக்கிற எத்தனையோ பேருக்கு இது வரவே இல்ல."

"அப்பறம் ஏம்மா யோசனையப் பத்தியே பேசுறீங்க?"

"உங்கம்மாவ மாத்த முடியுமா? நடந்துபோனத மாத்த முடியுமா? இது ஒண்ணுதான் நம்ம கைக்கு எட்டுற எடத்துல இருக்கு. அதனாலதான். தப்பு உங்களோடதுன்னு இல்ல."

பாப்பா, தம்பி, இந்த ஒரு பதிலில் உங்கள் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. நான் அந்த அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, எனக்கே ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். இந்த முறை வேறு மாதிரியான யோசனை.

பிறகு நான் எங்கள் வேலையைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். இருக்கிறது என்றே நினை என்பதுதான் அண்ணன் பாடம் என்றேன். "சோதிச்சு எர்த்து போட்டதுக்கு அப்பறம்?" என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே, "அப்பறம் பயப்படக் கூடாதுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கொடுத்த பயிற்சியெல்லாம் அந்த இரண்டாவது பாதிதான். ஒரு யோசனை வந்தால் அது கண்ணால் பார்த்ததா, மனசால் நினைத்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முறை சோதிக்கலாம். இரண்டாம் முறை எழுந்து போகக் கூடாது. பதறும், பதறட்டும், உட்கார்ந்தபடியே இருந்தால் தானாக இறங்கும் என்றார். முதலில் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள், பிறகு கேஸ் சிலிண்டர், பிறகு மகள் வரும் பஸ் என்று அண்ணன் படிப்படியாகச் செய்தார்.

எங்களுக்கும் ஒரு கட்டளை இருந்தது. அதுதான் ரொம்பக் கஷ்டம். அவர் திரும்பத் திரும்பக் கேட்டால் நாம் திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லக் கூடாது. "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்று நாம் சொல்லச் சொல்ல, அது அவருக்கு அந்த நேரத்துக்கு இனிக்கும், மறுபடியும் கேட்க வைக்கும். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பார். "மனசு கேக்கல தம்பி, ஒரு வார்த்தைதானே" என்பார். எனக்கும் மனசு கேட்காது.

எல்லா வாரமும் முன்னேற்றம் என்று நினைக்காதீர்கள். மாசியில் ஒரு வாரம் மறுபடி படுத்துக்கொண்டார். மாத்திரையை மாற்றினார்கள். பங்குனியில் ஒரு நாள் நான் போனபோது வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். "என்னடா பாக்குற, கூலி கொடுக்கப் போறியா?" என்றார். அண்ணி உள்ளேயிருந்து சிரித்த சத்தத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் வண்டியிலிருந்து இறங்காமலே நின்றேன்.

சித்திரையில் வேலைக்கு வந்தார். கொஞ்ச நாள் ஆபீசிலேயே இருந்தார். பிறகு டாக்டரம்மா சரி என்று எழுதிக் கொடுத்ததும் லைனுக்கு வந்தார். திருமானூர்ப் பக்கமே ஒரு வேலை வந்தது, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில். ஏ.இ. சார் மெதுவாக, "மாரிமுத்து பேர்ல எடுத்துக்கலாமே" என்றார். அண்ணன், "இல்லைங்க சார். எம்பேர்லயே எடுக்கிறேன். நான் திருப்பிக் கொடுக்கலைன்னா இனிமே நான் போர்மேன் இல்ல" என்றார். அதை அவர் சும்மா சொல்லவில்லை. அன்றைக்குத் திருப்பித் தர முடியாவிட்டால், அவர் மறுபடி அந்தச் சுவருக்குத்தான் போவார் என்று எனக்குத் தோன்றியது. மறுபடி போனால் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று தெரியவில்லை.

காலையில் அவரே போன் போட்டு எடுத்தார். சோதித்தோம். இரண்டு பக்கமும் எர்த் போட்டோம். அவர் வந்து ஒரு முறை பார்த்தார். கீழே நின்றார். வெயில் ஏறியது. வேலை முடிந்தது. இறங்கினோம். எர்த்தை அவர் கண் முன்னாலேயே கழற்றினோம். வரிசையாக நின்றோம். பன்னீர்கூட வாயைத் திறக்கவில்லை.

அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். லைனைப் பார்த்தார். போனை எடுத்தார். நம்பரைப் போடவில்லை.

"மாரி."

"அண்ணே."

"எல்லாரும் இறங்கிட்டாங்கல்ல?"

"இறங்கியாச்சுண்ணே" என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் அவர் உடனே போன் போட்டுவிடுவார். ஆனால் போட்டது என் வார்த்தையாக இருக்கும், அவருடையதாக இருக்காது. போஸ்ட் மேலே கால் வழுக்கினபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

"நீங்க பாத்தீங்கல்லண்ணே" என்றேன். அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு போஸ்ட் உச்சியைப் பார்த்து, தனக்குத் தானே மாதிரி, ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி, "பாத்தேன். பாத்ததுதான், நெனச்சது இல்ல" என்றார். விரல் நடுங்கியது. நடுங்கினபடியே நம்பரைப் போட்டார்.

"ராமலிங்கம் பேசுறேங்க. ஆளு எல்லாம் இறங்கியாச்சு. எர்த்து எடுத்தாச்சு. லைன் கிளியர் ரிட்டர்ன்."

போனைச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. லைனைப் பார்த்தபடியே நின்றார். கொஞ்சம் பொறுத்து, கரும்புக் கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. யாரோ, "வந்துருச்சுடோய்!" என்று கத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பன்னீர்தான் முதலில் பேசினான். "அண்ணே, இப்பவாவது பொண்ணு பாப்பீங்களா?"

"உன்னைக் கட்டிக்கிறவ பாவம்டா. அவ அழுகைய வேற நான் கேக்கணுமா?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் கண்ணெல்லாம் கலங்கியிருந்ததால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, "சரோஜா ஒக்காந்திருக்கும். போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். முன்போல் மெதுவாக, ஓரமாகத்தான் போனார். அந்தக் குணமெல்லாம் மாறவில்லை. இன்றைக்கும் போகாத ஊருக்கு மழை வருமா என்று என்னைப் போனில் கேட்பவர்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை மறுபடி தூக்கம் கெட்டபோது, யாரும் சொல்லாமலே பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் மாத்திரை வாங்கி வந்துவிட்டார். வந்த பிறகுதான் எங்களுக்கே சொன்னார்.

தம்பி, உன் நண்பனுக்குப் போன் போடு. "யோசிக்காதே" என்று மட்டும் சொல்லாதே. டாக்டரிடம் போகிறானா என்று கேள். பாப்பா, நீ படித்தது பொய்யில்லை. ஆனால் அதை நோயாளியிடம் எப்போது, யார் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது.

அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு, நான் மட்டும் சாமான்களை ஏற்றிக்கொண்டு கொள்ளிடக் கரைப் பக்கமாக வந்தேன். ஒரு புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். உங்கள் அம்மா காலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு அப்படியே இருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்கவில்லை. தூக்கைத் திறந்தேன். வெயிலில் சோறு காய்ந்து, நல்லெண்ணெய் ஓரத்தில் நின்றிருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். தூக்கை ஆற்றுத் தண்ணீரில் கழுவி வண்டியில் கவிழ்த்து மாட்டிவிட்டு, துண்டை விரித்து, அந்த மரத்தடியிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.